சாஷ் ஜன்னலில் எங்கே பெயின்ட் அடிக்கக் கூடாது

"லண்டனில் 1890களில் கட்டிய வரிசை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். மேலும் கீழும் நகரும் மர ஜன்னல்கள், சாஷ் ஜன்னல் என்கிறார்கள். மேல்பாதி அசையவே மாட்டேன் என்கிறது, கீழ்பாதி காற்றடித்தால் கடகடக்கிறது, வெளிப்பக்கம் பெயின்ட் உரிந்து வருகிறது. பார்க்க வந்த ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் போடச் சொல்கிறார். இந்தக் கோடையில் நானே அடித்துவிடலாமா? எந்தப் பெயின்ட் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெயின்ட் பற்றிய கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் உண்மையில் நீங்கள் கேட்பது, இந்த ஜன்னல்களைக் காப்பாற்ற முடியுமா, அதில் எவ்வளவு வேலையை வெளியாள் இல்லாமல் செய்யலாம் என்பதுதான். லண்டனில் இதே மாதிரி வீடுகளில் பல வருடமாகத் தச்சு வேலையும் பெயின்ட் வேலையும் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளில் இரண்டு, பெயின்டை அடிக்கக் கூடாத இடத்தில் அடித்ததால் வந்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஜன்னலை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் இந்த ஜன்னல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கண்ணாடிச் சட்டங்கள், ஒன்றின் பின்னால் ஒன்றாக, தனித்தனிக் காடியில் மேலும் கீழும் ஓடுகின்றன. பக்கவாட்டில் இருக்கும் நிலை கெட்டி மரம் இல்லை. உள்ளே கூடாக இருக்கும் பெட்டி. அந்தக் கூட்டுக்குள் வார்ப்பிரும்பு எடைகள் தொங்குகின்றன. சட்டத்தின் விலாவிலிருந்து ஒரு கயிறு கிளம்பி, மேலே இருக்கும் கப்பியைச் சுற்றி, உள்ளே எடையில் முடிகிறது. கிணற்றில் ராட்டினமும் வாளியும் மாதிரிதான், வாளிக்குப் பதில் ஜன்னல். இரண்டு சட்டங்களையும் பிரித்து வைக்கும் மெல்லிய மரப்பட்டை நடு பீடிங். கீழ்ச்சட்டம் அறைக்குள் விழாமல் பிடித்திருப்பது உள் பீடிங். இந்த பீடிங்குகளைக் கழற்றினால் இரண்டு சட்டங்களும் அறைக்குள்ளேயே வந்துவிடும். மாடி ஜன்னலாக இருந்தாலும் சட்டத்தை எடுக்க ஏணி தேவையில்லை. கழற்றிப் பழுதுபார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் இது, பிளாஸ்டிக் ஜன்னலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டின் காலத்தைப் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். கண்ணாடி மீதான வரி 1845இலும் ஜன்னல் வரி 1851இலும் நீக்கப்பட்டன. அதற்கப்புறம்தான் சாதாரண வீடுகளிலும் பெரிய கண்ணாடிகள் வந்தன. பெரிய கண்ணாடி கனமானது. அந்தக் கனத்தைத் தாங்க, மேல்சட்டத்தின் இரண்டு கீழ் மூலைகளிலும் கொம்பு மாதிரி மரத்தைக் கொஞ்சம் நீட்டி விட்டார்கள். உங்கள் ஜன்னலில் அந்தக் கொம்பு இருந்தால் அது விக்டோரியா காலத்துப் பாணி. அந்தக் காலத்தில் பயன்படுத்திய மரம் பெரும்பாலும் பால்டிக் கடலோரக் குளிர் நாடுகளில் மெதுவாக வளர்ந்த பைன். வளையங்கள் நெருக்கமாக, பிசின் நிறைந்து, உறுதியாக இருக்கும். இன்று கடையில் வாங்கும் வேகமாக வளர்த்த பைன் அதற்கு ஈடாகாது. பழைய மரத்தை முடிந்தவரை விடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குப் பழமை மீதுள்ள காதல் காரணமில்லை, இந்த மரம்தான் காரணம்.

சரி, காப்பாற்ற முடியுமா என்று பார்ப்போம். கூர்மையான சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று இடங்களில் குத்திப் பாருங்கள்: வெளிப்பக்க அடிக்கட்டை (ஜன்னலுக்கு அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரம்), கீழ்ச்சட்டத்தின் இரண்டு கீழ் மூலைகள், பெட்டி நிலை அடிக்கட்டையில் வந்து உட்காரும் இடம். மழைத்தண்ணீர் தங்குவது இங்கேதான். முனை ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கவில்லை என்றால் அங்கே மரம் நன்றாக இருக்கிறது, பெயின்ட் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் சரி. பஞ்சு மாதிரி உள்ளே போனால் உளுத்துவிட்டது. ஆனால் உளுத்தது அந்த ஒரு சாண் இடமாக இருக்குமே தவிர முழு ஜன்னலாக இருப்பது அபூர்வம். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புது மரத் துண்டைப் பொருத்தலாம். பெட்டி நிலையே பாதிக்கு மேல் போயிருந்தால் மட்டும் அதே அளவில் புது மர ஜன்னல் செய்வது புத்திசாலித்தனம். அப்போதும் கண்ணாடியையும் கப்பிகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கட்டையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். முன் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நீளவாக்கில் ஒரு காடி இருக்க வேண்டும். மேலிருந்து வழியும் தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்குப் போகாமல், அந்தக் காடியில் தடைபட்டுச் சொட்டி விழுவதற்காக வைத்தது. நூறு வருடப் பெயின்ட் படிந்து இந்தக் காடி மூடிப்போய்விடுவது சகஜம். அப்புறம் சுவர் ஈரமாகும், ஜன்னல் மீது பழி வரும். ஒரு பழைய உளியால் அந்தக் காடியைச் சுரண்டித் திறந்துவிடுவதுதான் இந்த வேலையிலேயே மலிவான, அதிகப் பலன் தரும் பழுதுபார்ப்பு.

இப்போது ஈயம். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1960களுக்கு முன் கட்டிய வீட்டில், அதுவும் வெளிப்பக்க மரவேலையில், பழைய பெயின்ட் அடுக்குகளுக்குள் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஈயப் பெயின்டைப் பொதுமக்களுக்கு விற்பது 1992இல்தான் தடை செய்யப்பட்டது. கடையில் சோதனைக் குச்சிகள் கிடைக்கும். சோதிக்கும்போது எல்லா அடுக்குகளும் தெரியும்படி மரம் வரை கீறிய இடத்தில் தேய்க்க வேண்டும். மேல் அடுக்கை மட்டும் சோதித்துவிட்டு ஈயம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் இந்தப் பகுதியை நீங்கள் தொடவே வேண்டாம், முறையாகத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்களே செய்வதென்றால், காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாள் வாங்குங்கள். நுண்தூசியைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 தர முகமூடி, ஆபத்தான தூசிக்கென்றே செய்த எச் வகுப்பு வேக்குவம், தரையில் ஒட்டிய தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, இவை எல்லாம் வேண்டும். வேலைத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஊதுவிளக்கு வைத்து எரிப்பது அறவே கூடாது. சூட்டுத் துப்பாக்கி என்றால் பெயின்ட் நெளிந்து எழும்பும் அளவுக்கு மட்டும்தான் சூடு வைக்க வேண்டும். புகை வந்தால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம். கண்ணாடி ஓரத்தில் அதைக் காட்டினால் பழைய கண்ணாடி பட்டென்று கீறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாப் பெயின்டையும் மரம் தெரிய உரிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கெட்டியாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்ட் நல்ல அடித்தளம். ஈயப் பெயின்டாக இருந்தாலும் அதைக் கலைக்காமல் மேலே அடித்து மூடிவிடுவது பெரும்பாலும் பாதுகாப்பானது. உரிக்க வேண்டிய இடங்கள் வேறு: உரிந்து வரும் பகுதிகள், சட்டமும் நிலையும் உரசும் பரப்புகள், மரத்தின் வேலைப்பாடு மறையும் அளவுக்குத் தடித்துப்போன இடங்கள்.

அசையாத மேல்சட்டத்துக்கு வருவோம். யாரோ சோம்பலில் சட்டத்தையும் நிலையையும் சேர்த்து அடித்திருப்பார்கள். இடைவெளிக்குள் பெயின்ட் இறங்கிக் காய்ந்து பசையாகியிருக்கும். சுத்தியல் எடுக்காதீர்கள். மெல்லிய கத்தியால் நாலு பக்கமும், உள்ளேயும் வெளியேயும், பெயின்ட் கோட்டைக் கீறி விடுங்கள். அப்புறம் அகலமான பட்டிக் கரண்டியை இடைவெளியில் விட்டு மெதுவாக அசையுங்கள். உள் பீடிங்கைக் கழற்றும்போது நுனியில் தொடங்காதீர்கள், நடுவில் தொடங்குங்கள். நடுப்பகுதிதான் வில்லாக வளைந்து கொடுக்கும், நுனியில் நெம்பினால் மூலை உடைந்துவிடும். கீழ்ச்சட்டத்தை உள்ளே சாய்த்து எடுத்ததும் விலாவில் ஆணியடித்த கயிறு தெரியும். ஆணியைப் பிடுங்குவதற்கு முன் கயிற்றை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடுங்கியதும் கப்பி வாயில் ஒரு முடிச்சுப் போடுங்கள், இல்லாவிட்டால் எடை தடாலென்று பெட்டிக்குள் விழும். நடு பீடிங் எடுக்கும்போது உடைவது வழக்கம். கவலை வேண்டாம், அது மலிவான பட்டை, புதிது போட்டுக்கொள்ளலாம். அது போன இடத்தில் நிலையின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னக் கதவு மாதிரி வெட்டு தெரியும். எடைகளை வெளியே எடுக்கும் வழி அதுதான்.

எடை விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. மேல்சட்டத்தின் இரண்டு எடைகளும் சேர்ந்து சட்டத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது மேலேயே நிற்கும். கீழ்ச்சட்டத்துக்கு நேர்மாறாக எடைகள் கொஞ்சம் லேசாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது கீழே உட்காரும். இடையில் யாராவது தடித்த கண்ணாடி போட்டிருந்தால் இந்தக் கணக்கு தப்பியிருக்கும். சட்டத்தைக் குளியலறை எடைமேடையில் வைத்துப் பாருங்கள், அப்புறம் எடைகளை வைத்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். பழைய கயிறு ஒன்று அறுந்திருந்தால் நான்கையும் மாற்றிவிடுங்கள், மெழுகேற்றிய பருத்திக் கயிறு நல்லது. கயிற்றில் பெயின்ட் படவே கூடாது. பெயின்ட் பட்ட கயிறு விறைத்து, கப்பியில் மடங்கும் இடத்தில் அறுந்துபோகும்.

உளுத்த மரத்தை மாற்றுவதில் நிச்சயமாகச் சொல்லக் கூடியது இது: ஈரம் இருக்கும்போது எதையும் வைத்து மூடாதீர்கள். ஈரமானி வைத்துப் பார்த்தால் 18 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும். பெரிய குழிக்கு மரத்துண்டு, சின்னக் குழிக்கு, இரண்டு பகுதிகளைக் கலந்து அடைக்கும், வளைந்து கொடுக்கும் எபாக்ஸி. மரத்துண்டு வைக்கும்போது இணைப்பைச் சாய்வாக வெட்டுங்கள், தண்ணீர் வெளியே வழிய வேண்டும், உள்ளே தேங்கக் கூடாது. புது அடிக்கட்டைக்கு அக்கோயா என்ற பதப்படுத்திய பைன் மரம் இப்போது கிடைக்கிறது, விலை கூடுதல், ஆனால் ஈரத்தில் மிகக் குறைவாகவே உப்பும். கார் டிங்கரிங்கில் போடும் பட்டியை மட்டும் வெளிப்பக்க ஜன்னலில் போடாதீர்கள். அது கல்லாக இறுகிவிடும், மரமோ பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்கும். இரண்டுக்கும் நடுவில் முடியளவு இடைவெளி விழுந்து, அதன் வழியாகத் தண்ணீர் போய், முன்பைவிட வேகமாக உளுக்கும்.

அடுத்து கண்ணாடிப் புட்டி, அதாவது கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் பூச்சு. கெட்டியாக இருக்கும் பழைய புட்டியை விட்டுவிடுங்கள். விரிந்து உதிர்வதை மட்டும் எடுங்கள். அசல் கண்ணாடியாக இருந்தால் தெரு விளக்கு அதில் லேசாக நெளிந்து தெரியும். இப்போது கடையில் கிடைக்கும் சமதளக் கண்ணாடியில் அந்த நெளிவு வராது. பில்கிங்டன் நிறுவனம் உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுக் கண்ணாடி செய்யும் முறையை 1950களில்தான் கொண்டுவந்தது. அதனால் பழைய கண்ணாடியை உடைத்தால் உடைத்ததுதான். (பழைய கண்ணாடி நூறு வருடத்தில் கீழே வழிந்து தடிக்கிறது என்று சொல்வார்கள். இல்லை, அது செய்யும்போதே சீரற்றுத்தான் வந்தது.) புதுப் புட்டி போடும் முன் மரக்காடியில் பிரைமர் அடிக்க வேண்டும். வெறும் மரம் புட்டியிலுள்ள ஆளிவிதை எண்ணெயைக் குடித்துவிடும், புட்டி வறண்டு வெடிக்கும். புட்டியைச் சாய்வாக இழுக்கும்போது, உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாதபடி சட்ட விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்கள். மேலே தோல் கட்ட ஒன்று இரண்டு வாரமாவது ஆகும், அதற்கு முன் பெயின்ட் அடிக்காதீர்கள்.

அடிக்கும்போது பெரும்பாலானோர் தவறவிடும் இடம் புட்டியும் கண்ணாடியும் சந்திக்கும் கோடு. பெயின்ட் புட்டியைத் தாண்டி, கண்ணாடி மேலும் சுமார் 2 மில்லிமீட்டர் ஏற வேண்டும். அந்த மெல்லிய பட்டைதான் தண்ணீர் உள்ளே போகாமல் அடைக்கிறது. சுத்தமாக இருக்கட்டும் என்று பிளேடால் அதைப் புட்டியோடு ஒட்டச் சுரண்டிவிடுகிறார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும், அடுத்த குளிர்காலத்தில் கீழ் மூலையில் கொப்புளம் வரும். டேப் ஒட்டுவதாக இருந்தால் அந்த 2 மில்லிமீட்டரை விட்டு ஒட்டுங்கள்.

அடிக்கக் கூடாத இடங்கள்: கயிறு, கப்பி, சட்டம் ஓடும் காடிகள். காடியில் பெயின்ட் ஏற ஏற இடைவெளி குறைந்து சட்டம் பிடிக்கத் தொடங்கும். வெளியே வெயில் மழை படும் பகுதியில் ஒரு மெல்லிய பூச்சு போதும். மற்ற இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், சட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். கட்டாயம் அடிக்க வேண்டிய, ஆனால் யாரும் அடிக்காத இடம் ஒன்று உண்டு: கீழ்ச்சட்டத்தின் அடிப்பக்கம். ஜன்னல் இருந்த இடத்திலேயே இருந்தால் தூரிகை அங்கே போகாது. சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்து அடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி நீங்கள் நேராகக் கேட்டது, எந்தப் பெயின்ட். இதில் இந்தத் தொழிலில் இருப்பவர்களே ஒத்துப்போவதில்லை, அதனால் நான் சொல்வதை ஒருவனுடைய அனுபவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலந்த அக்ரிலிக் சீக்கிரம் காயும், வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், மரத்தோடு நெளிந்து கொடுக்கும். ஆனால் பல அக்ரிலிக் பூச்சுகள் மூடிய ஜன்னலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய பளபளப்பான எண்ணெய்ப் பெயின்ட் மீது தகுந்த பிரைமர் இல்லாமல் அடித்தால் தோலாக உரிந்து வரும். எண்ணெய் சார்ந்த ஆல்கைட் பெயின்ட் கெட்டியாக இறுகும், மூடிய ஜன்னலில் அப்படி ஒட்டிக்கொள்ளாது. அறைக்குள் வெளிச்சம் குறைந்த இடத்தில் வெள்ளை மஞ்சளாகும், வயதாக ஆக நொறுங்கும். ஆளிவிதை எண்ணெய்ப் பெயின்ட் மரம் தெரிய உரித்த ஜன்னலுக்கு எனக்குப் பிடித்தது. மிக மெல்லியதாக அடிக்க வேண்டும், ஒவ்வொரு பூச்சுக்கும் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் அது உரிவதில்லை, மெல்ல மங்குகிறது. மங்கியதும் எண்ணெய் தேய்த்தாலே உயிர் வரும். உங்கள் வீட்டில் பழைய பெயின்ட் பெரும்பாலும் கெட்டியாக இருந்தால் ஆல்கைட் முறையிலேயே தொடருங்கள், அது சிக்கல் இல்லாதது. எதை எடுத்தாலும் பிரைமரிலிருந்து கடைசிப் பூச்சு வரை ஒரே நிறுவனத்தின் வரிசையாக வாங்குங்கள். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு மேல். மே முதல் செப்டம்பர் வரைக்குள் காய்ந்த நாட்களில், காலைப் பனி உலர்ந்த பிறகு தொடங்கி மாலைப் பனி இறங்கும் முன் முடியுங்கள். 10 டிகிரிக்குக் கீழே வேண்டாம்.

குளிரும் கடகடப்பும் பெயின்டால் தீராது. சட்டத்தைக் கழற்றும் அன்றே தூரிகைப் பட்டை பதித்த புது பீடிங் போட்டுவிட்டால் காற்றுப் புகுவது பெருமளவு நிற்கும். ஸ்காட்லாந்தின் வரலாற்றுச் சின்னங்கள் அமைப்புக்காக கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் 2008இல் ஒரு பழைய சாஷ் ஜன்னலை வைத்து அளந்து பார்த்தது. ஜன்னலின் உள்பக்க மரக் கதவுகளை மூடினால் வெப்ப இழப்பு 51 சதவீதமும், உள்பக்கமாக இரண்டாவது கண்ணாடி வைத்தால் 63 சதவீதமும் குறைந்தது. அதாவது ஜன்னலைத் தூக்கிப் போடாமலேயே இரட்டைக் கண்ணாடிக்கு இணையான பலன் கிடைக்கும். பழைய சட்டத்திலேயே வெற்றிடக் கண்ணாடி (நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த இரட்டைக் கண்ணாடி) பொருத்துவதும் இப்போது நடக்கிறது. மெல்லியதுதான், ஆனால் விலை அதிகம், எடைக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும்.

பிளாஸ்டிக் போடச் சொன்னவருக்குப் பதில் சொல்லும் முன் உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் மூன்றைப் பாருங்கள்: வீடு பாதுகாக்கப்பட்ட கட்டிடப் பட்டியலில் இருக்கிறதா, பழமையைக் காக்கும் பகுதிக்குள் (கன்சர்வேஷன் ஏரியா) வருகிறதா, அங்கே ஆர்ட்டிகிள் 4 ஆணை, அதாவது வழக்கமாக அனுமதி தேவைப்படாத மாற்றங்களுக்கும் அனுமதி கேட்க வைக்கும் உத்தரவு, இருக்கிறதா. பட்டியலில் உள்ள வீட்டில் அனுமதியில்லாமல் ஜன்னலை மாற்றுவது குற்றவியல் வழக்காகும். ஆர்ட்டிகிள் 4 இருந்தால் ஜன்னல் மாற்றுவதற்குத் திட்ட அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம், சில இடங்களில் நிறம் மாற்றக்கூட. உள்ளதை உள்ளபடி பழுதுபார்ப்பதற்கு இந்தத் தலைவலி பொதுவாக இல்லை.

நீங்களே செய்வதென்றால் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலில் தொடங்காதீர்கள். பின்பக்கம், தரைத்தளம், சின்ன ஜன்னல் ஒன்றை எடுங்கள். சட்டம் வெளியே இருக்கும் நாட்களுக்கு இடத்தை மூட ஒரு பிளைவுட் பலகையை முன்கூட்டியே அளந்து வெட்டி வையுங்கள். மாடி ஜன்னல்களின் வெளிநிலையையும் அடிக்கட்டையையும் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு அடிக்க முயல வேண்டாம், அதற்குச் சாரம் வேண்டும். அந்தப் பகுதியை மட்டும் ஆள் வைத்துச் செய்யுங்கள். வருபவரிடம் ஈயத் தூசியை எப்படிச் சமாளிப்பீர்கள், சட்டத்தைக் கழற்றுவீர்களா, உளுத்த இடத்தில் என்ன வைப்பீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு "ஃபில்லர் போட்டுடலாம்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள்.